டிராக் சாவா, ஒர்க் பெஞ்சா? மரவேலைக்கு முதல் காசை எதில் போடுவது: முழுமையான வழிகாட்டி

மரவேலையில் கை வைத்துக் கொஞ்ச காலம் ஆனவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கிற இடம் இது. டிரில் இருக்கிறது, சர்க்குலர் சா இருக்கிறது, உளி நாலைந்து சேர்ந்துவிட்டது. அடுத்து போனஸோ, மஞ்சள் விற்ற காசோ கொஞ்சம் கையில் வருகிறது. வீடியோவைத் திறந்தால், ரயில் மேல் ஓடும் சர்க்குலர் சாவான டிராக் சா கண்ணைப் பறிக்கிறது: பிளைவுட் ஷீட்டின் மேல் அலுமினிய ரயிலை வைத்து ஒரே தள்ளு, சில்லு பறக்காத நேர்கோடு. இன்னொரு பக்கம் தரையில் குனிந்து இழைத்து இடுப்பு விட்டுப்போய், நின்று வேலை செய்ய ஒழுங்கான ஒரு மேசை, அதாவது ஒர்க் பெஞ்ச், வேண்டும் என்று உடம்பு கேட்கிறது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை.

என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் வீட்டளவில் மரவேலை செய்பவர் என்றால் பெஞ்ச்தான் முதலில். வெட்டுவதைக் கூலி கொடுத்து வெளியே முடித்துக்கொள்ளலாம். மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வதை யாரிடமும் கூலிக்கு விட முடியாது. இதற்கு விதிவிலக்கானவர்கள் உண்டு. நீங்கள் அவர்களில் ஒருவரா என்பது முதல் மூன்று படிகளிலேயே தெரிந்துவிடும்.

படி 1: அடுத்த மூன்று வேலைகளைத் தாளில் எழுதுங்கள்

எப்போதாவது செய்யலாம் என்று நினைப்பதை எழுத வேண்டாம். வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்ட வேலைகளை எழுதுங்கள். பீரோ, சமையலறைக் கப்போர்ட், டிவி யூனிட் என்று வந்தால் அது ஷீட் வேலை. ஸ்டூல், ஊஞ்சல் பலகை, சாமி மாடம், கட்டில், பெட்டி என்று வந்தால் கட்டை வேலை.

கட்டை வேலையில் டிராக் சாவுக்கு வாய்ப்பு குறைவு. பலகையின் ஓரத்தை நேராக்க ஒரு முறை வரும், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் இழைப்புளி தள்ளுவது, உளியில் துளை அடிப்பது, அந்தத் துளையில் நுழையும் கழுந்தைச் சீவுவது. இதில் ஒவ்வொன்றுக்கும் மரம் அசையாமல் நிற்க வேண்டும். மூன்றில் இரண்டு கட்டை வேலை என்றால் நேராகப் படி 4-க்குப் போய்விடலாம்.

“நம்ம ஆசாரிங்க பெஞ்ச் வச்சுட்டா தேக்கு வாசல் நிலவு செதுக்குனாங்க?” என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். தரையில் உட்கார்ந்து, குதிகாலாலும் கால்விரலாலும் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர்கள் செய்த வேலை இன்றைக்கும் தொட்டிக்கட்டு வீடுகளில் நிற்கிறது. ஆனால் அந்தப் பிடி சின்ன வயதிலிருந்து பழகியது. முப்பத்தைந்து வயதில், வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறவருக்கு அது அமையாது. கால் பக்கத்தில் உளி போகிற வேலை வேறு.

படி 2: பிளைவுட் கடையில் விசாரியுங்கள்

ஷீட் வேலைதான் அதிகம் என்றாலும் அவசரப்பட வேண்டாம். முதலில் பக்கத்துக் கடைக்குப் போய், பேனல் சா (முழு ஷீட்டை நேராக அறுக்கும் பெரிய மெஷின்) வைத்திருக்கிறார்களா, அளவு லிஸ்ட் கொடுத்தால் வெட்டித் தருவார்களா, கூலி வெட்டுக்கா ஷீட்டுக்கா என்று கேளுங்கள். கடையில் இல்லையென்றால் அவர்களே ஒரு கட்டிங் யூனிட்டையோ கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினில் வெட்டுபவரையோ கை காட்டுவார்கள். கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் இது பெரிய சிரமமில்லை. 18 மி.மீ. ஷீட் ஒன்று மர வகையைப் பொறுத்து 35 கிலோவிலிருந்து 40 கிலோ வரை இருக்கும். அதைத் துண்டாக்கியே வீட்டுக்குக் கொண்டுவருவது இடுப்புக்கும் நல்லது, குட்டியானை வாடகைக்கும் நல்லது.

லிஸ்ட் எழுதும்போது பலரும் சறுக்குகிற இடம் ஒன்று. முழு ஷீட் 8×4 அடி, அதாவது 2440×1220 மி.மீ. இரண்டு அடி ஆழத்துக்குப் பீரோ, அதனால் 610, 610 என்று இரண்டு துண்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிளேடு தின்கிற 3 மி.மீ.யை யார் கொடுப்பது? மிஞ்சுவது 1217, பாதி 608-தான். ஷீட்டின் ஓரம் அடிபட்டிருந்தால் அதையும் சீவ வேண்டும். ஆழத்தை 600 என்று வைத்துக்கொண்டால் தகராறே இல்லை. கதவு, இழுப்பறை முகப்பு போன்ற கண்ணில் படும் துண்டுகளை மட்டும் இரண்டு மி.மீ. கூட்டியே வெட்டி வாங்கி, வீட்டில் இழைத்துச் சரிசெய்யுங்கள். அந்த இழைப்புக்கும் பெஞ்ச் வேண்டும் என்பது தனி.

கடைக்காரர் கையை விரித்து, பக்கத்து ஊரிலும் வசதி இல்லை என்றாலோ, பிளாட்டுக்குப் பிளாட் போய் அந்த இடத்திலேயே வெட்டிப் பொருத்துவதுதான் உங்கள் பிழைப்பு என்றாலோ, நீங்கள்தான் அந்த விதிவிலக்கு. டிராக் சாவை முதலில் வாங்குங்கள். பலகையைத் தாங்கும் இரண்டு மரக்குதிரையும் பழைய கதவு ஒன்றும் கொஞ்ச காலத்துக்குப் பெஞ்சாக ஓடும்.

படி 3: இடம், காற்று, கரண்ட்

பெஞ்சுக்கு நிரந்தர இடம் வேண்டும். 6×2 அடி மேசையைச் சுற்றி மூன்று பக்கமாவது நடக்க வழி விட்டால் 10×7 அடி போய்விடும். பல்லடம், சோமனூர் பக்கம் ஓடாத தறிக்கூடம் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சிமெண்டுத் தரை, வெளிச்சம், அகலமான வாசல் எல்லாம் தயாராக இருக்கும். வாடகை வீட்டில், பைக் நிற்கிற போர்டிகோதான் பட்டறை என்றால் 4 அடி பெஞ்ச் போதும். அதை இழுத்து ஓரம் கட்டலாம்.

டிராக் சாவுக்கு இடமே வேண்டாம் என்பார்கள். பெட்டியில் வைத்து எடுத்துவிடலாம் என்பது சரிதான். ஆனால் 8 அடி ஷீட்டைக் கிடத்தி, அதைச் சுற்றி நடந்து வெட்ட 12×8 அடி வெற்றிடம் வேலை நேரத்திலாவது வேண்டும். மொட்டை மாடியில் செய்யலாம் என்று நினைத்தால் ஆனி, ஆடியை யோசியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில், 32 சதுர அடி ஷீட்டைத் தனியாளாகத் தூக்கினால் அது பாய்மரம் போல ஆளையும் சேர்த்துத் தள்ளும்.

தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையால் வைக்கப்பட்டது. பிளைவுட்டில் பசையும் சேர்கிறது. துணியை மூக்கில் கட்டினால் போதாது. என்-95 முகமூடி போடுங்கள். இந்த விசயத்தில் டிராக் சாவுக்குத்தான் மார்க் அதிகம்: பிளேடு முழுக்க மூடிக்குள் இருப்பதால் வேக்குவம் மாட்டினால் பெரும்பங்கு தூசியை அது இழுத்துக்கொள்ளும்.

கரண்ட்டைப் பற்றி ஒரு வரி. 1300, 1400 வாட் மெஷின் 6 ஆம்பியர் இழுக்கும். கூடவே வேக்குவமும் ஓடும். சின்ன பிளக்கில் மாட்டி ஓட்டாமல் 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து எடுங்கள்.

படி 4: பெஞ்சைக் கட்டுவது

முதலில் உயரம். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்க விடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளங்கள். சராசரி உயரம் உள்ளவருக்கு 32, 33 அங்குலம் வரும். இழைப்பு வேலை அதிகமென்றால் ஓர் அங்குலம் குறைக்கலாம். மெஷினும் பொருத்து வேலையும்தான் என்றால் இரண்டு அங்குலம் கூட்டலாம்.

கட்ட இரண்டு வழி. ஒன்று முழு மரம். மேல்பலகை 6 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனம் என்றால் அதுவே 3 கன அடி. 4×4 அங்குலக் கால் நான்கு, மேலும் கீழும் 4×2 குறுக்குச் சட்டங்கள் சேர்த்தால் இரண்டரை. சேதாரத்தோடு ஆறரை கன அடி என்று மில்லில் சொல்லுங்கள். முடிந்தபின் 100 கிலோவைத் தாண்டும்; பெஞ்சுக்கு அந்தக் கனம்தான் வேண்டும். இழைப்புளியைத் தள்ளும்போது மேசையும் கூடவே நகர்ந்தால் அது சாப்பாட்டு மேசை.

தேக்கு வேண்டாம், காசுக்குக் கேடு. வேம்பு நல்ல கனம். கரையானுக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் இழை முறுக்கிக்கொண்டு ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும். இழைப்புளியின் உளிப்பட்டையைத் தீட்டி, மெலிதாகச் சீவினால் வசப்படும். வாகை எனக்குப் பிடித்த மரம். உறுதி, விலையும் அடங்கும். அறுக்கும்போது தும்மல் வரவைக்கும், முகமூடி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் செய்யச் சொல்வார்கள். முதிர்ந்த அடிமரம் காலுக்கு ஆகும், மேல்பலகைக்கு வேண்டாம், உளியின் கூர் சீக்கிரம் போய்விடும். மரங்களை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் கோவை ஆர்.எஸ்.புரத்தில் கௌலி பிரவுன் ரோட்டில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902-இல் தொடங்கியது, நம் காட்டு மரங்களின் மாதிரிகள் வைத்திருக்கிறார்கள்.

பழைய வீடு பிரித்த மரம் கிடைத்தால் விடாதீர்கள். நன்றாகக் காய்ந்திருக்கும், இனி முறுக்காது. வாங்கியவுடன் காந்தத்தை எல்லாப் பக்கமும் தேய்த்து ஆணி தேடுங்கள். வெளிநாட்டு மெஷின் வந்திறங்கிய பைன் மரப்பெட்டிகள் பழைய சாமான் கடையில் கிடைத்தாலும் காலுக்கும் சட்டத்துக்கும் ஆகும். கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

பச்சை மரமாக அறுத்து வாங்கினால் காய வைத்தாக வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருசம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுமை எனக்கும் கிடையாது. அதனால்தான் இரண்டாவது வழி.

அது ஒரே ஒரு 18 மி.மீ. ஷீட். கடையிலேயே நீளவாக்கில் சரிபாதியாக வெட்டி வாங்குங்கள். 8×2 அடியில் இரண்டு துண்டு. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் 36 மி.மீ. மேல்பலகை. நான்காக வெட்டி அடுக்கினால் 4×2 அடியில் 72 மி.மீ. கனத்துக்குப் பெஞ்ச், போர்டிகோக்காரர்களுக்கு இது தங்கம். ஃபெவிகாலை முகம் முழுக்கப் பல் வைத்த தகட்டால் பரப்பி, கீழ்ப்பக்கமிருந்து ஸ்குரூ போட்டு இறுக்கி, மறுநாள் ஸ்குரூவைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் விட்டால் பின்னால் துளை போடும்போது டிரில் பிட்டுக்குக் குறுக்கே வரும்.

அடிச்சட்டத்துக்கு எந்த வெல்டிங் பட்டறையிலும் 50 மி.மீ. சதுர பைப்பில், 2 மி.மீ. கனத்தில் நான்கு காலும் மேல் கீழ்ச் சட்டமும் அடித்துத் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரு குறுக்குப் பட்டை அவசியம், இல்லாவிட்டால் ஆடும். கீழே தட்டு வைத்து எம்-சாண்ட் மூட்டை இரண்டை ஏற்றிவிட்டால் முழு மர பெஞ்சோடு போட்டி போடும். முழு மரத்தை மேலே போடுபவர்கள் மட்டும், ஸ்குரூ போகும் ஓட்டையை அகலவாக்கில் நீட்டி விடுங்கள். சித்திரையில் சுருங்கி ஐப்பசியில் ஊதும் பலகை சில மில்லிமீட்டர் நகரும். இறுகப் பூட்டினால் வெடிக்கும்.

மேல்பரப்பு சமமா என்று பார்க்க, நேரான இரண்டு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி, முன் ரீப்பரின் மேல்விளிம்பு வழியாகப் பின்னதைப் பாருங்கள். ஒரு மூலை தூக்கித் தெரிந்தால் அங்கே இழைக்க வேண்டும்.

அப்புறம் வைஸ், அதாவது மரத்தைத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கருவி. வலக்கைக்காரருக்கு முன்பக்கம் இடது ஓரத்தில். வைஸின் உள்தாடை பெஞ்சின் முன்விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் நீளப் பலகையை வைஸிலும் விளிம்பிலும் சேர்த்து நிறுத்த முடியும். மரத்தைத் தடுத்து நிறுத்தும் முளைகளைச் செருக மேற்பரப்பில் 20 மி.மீ. துளைகள் போடுங்கள். 96 மி.மீ. இடைவெளியில் போட்டால், பிற்பாடு டிராக் சா வரும்போது அந்த அளவுக்கென்றே விற்கிற முளைகளும் கிளாம்புகளும் அப்படியே உட்காரும். அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கியை ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. கொல்லுப் பட்டறையில் 19 மி.மீ. கம்பியைச் சூடேற்றி வளைத்துத் தருவார்கள். துளையைவிடக் கம்பி ஒரு மி.மீ. மெலிந்திருந்தால்தான் சுத்தியல் தட்டில் கவ்வும்.

படி 5: ஏழைக்கேற்ற ரயில்

பெஞ்ச் வந்துவிட்டது, ஷீட்டை நேராக வெட்டவும் வேண்டும் என்றால் கைவசம் உள்ள 7 அங்குல சர்க்குலர் சாவே போதும். 6 மி.மீ. பிளைவுட்டில் 8 அடி நீளம், 1 அடி அகலத்துக்கு ஒரு பட்டை. அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட்டில் 3 அங்குல வேலி. வேலிக்கு ஷீட்டின் கம்பெனி ஓரத்தையே எடுங்கள். அது நேரா என்று சோதிக்க, அதை வைத்து ஒரு கோடு போட்டு, பட்டையைப் புரட்டிப்போட்டு அதே இரு முனைகளுக்கு நடுவில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நேர்.

வேலியை ஒட்டியபின் சாவின் அடித்தட்டை வேலியோடு அணைத்து ஓட்டி, 6 மி.மீ. பட்டையின் மிச்ச ஓரத்தை வெட்டி விடுங்கள். இனி அந்த ஓரம்தான் உங்கள் வெட்டுக்கோடு. பென்சில் குறியில் அதை வைத்து கிளாம்ப் போட்டு ஓட்டுவதுதான் மிச்சம். நுழையும்போதும் வெளியேறும்போதும் அடித்தட்டு பாதி வெளியில் நிற்கும். அந்த இரண்டு இடத்திலும் மெஷினை வேலியோடு அழுத்திப் பிடியுங்கள். பிளேடு கீழிருந்து மேலாக வெட்டுவதால் சில்லு மேல்முகத்தில் பறக்கும். நல்ல முகம் கீழே இருக்கட்டும்.

மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி ஓட்டுவது நம் பக்கம் சகஜம். வேண்டாம். அதன் வேகம் நிமிசத்துக்கு 12,000 சுற்றைத் தொடும், சர்க்குலர் சா ஏறக்குறைய 5,000. மரத்துக்கான மூடியும் அதில் கிடையாது. பிளேடு இறுகி எகிறினால் நேராகத் தொடைக்குத்தான் வரும்.

படி 6: டிராக் சா எப்போது?

பெஞ்சும் வீட்டு ரயிலும் இருந்தும் மாதா மாதம் ஷீட் வெட்டுகிறீர்கள், மைக்கா ஒட்டிய பலகையில் சில்லு வந்து கதவு வீணாகிறது, கடைக்கும் வீட்டுக்கும் அலைச்சல் ஓயவில்லை. அப்போது வாங்கலாம்.

1960-களில் ஜெர்மனியின் ஃபெஸ்டூல் கம்பெனி தொடங்கி வைத்த ரயில் யோசனையை இன்று மகிட்டா, பாஷ், டிவால்ட் எல்லோரும் செய்கிறார்கள். விலை கேட்கும்போது மெஷின் மட்டுமா, ரயிலும் சேர்ந்தா என்று முதலில் கேளுங்கள். தனித்தனியாக விற்பதே வழக்கம். சேர்த்து விற்றாலும் கூட வருவது பெரும்பாலும் 1.4 மீட்டர் ரயில். அது 4 அடிக் குறுக்கு வெட்டுக்குச் சரி. 8 அடி நீள வெட்டுக்கு இரண்டை இணைக்க வேண்டும், அல்லது 3 மீட்டர் ரயில் வாங்க வேண்டும். இந்த இரண்டாவது ரயிலின் விலையைக் கணக்கில் சேர்க்காமல்தான் பட்ஜெட் துண்டு விழுகிறது. ரயிலும் எல்லாவற்றுக்கும் பொது அல்ல: மகிட்டாவும் ஃபெஸ்டூலும் ஒன்றின் ரயிலில் ஒன்று ஓடும், பாஷ் ரயிலின் வடிவம் வேறு.

165 மி.மீ. பிளேடு வகை ரயில் மேல் நிற்கும்போது நேர்வெட்டில் 55 மி.மீ., 45 பாகைச் சாய்வில் 40 மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். 3 அங்குலக் கட்டையை இது அறுக்காது. பிளைவுட்டுக்கு 48 பல் பிளேடு. கட்டைப் பலகையை நீளவாக்கில் கிழிக்க அதைவிடப் பல் குறைந்தது தனியாக வேண்டும். பிளேடுக்குப் பின்னால், வெட்டு மூடிக்கொள்ளாமல் தடுக்கும் தகடு எல்லா மாடலிலும் இருக்காது, இருப்பதையே எடுங்கள்.

படி 7: முதல் வெட்டு

ரயிலின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். புதிதில் அது கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்; முதல் ஓட்டத்தில் பிளேடு அதைச் சீவி, வெட்டுக்கோட்டைக் காட்டும் ஓரமாக மாற்றும். அன்றாடம் போடப்போகும் பிளேடையே மாட்டி, பழைய பிளைவுட் துண்டின் மேல், நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் குழி விழும். அதன்பின் அடுத்தவர் மெஷினை உங்கள் ரயிலில் ஏற்ற விடாதீர்கள்; பிளேடு கனம் மாறினால் பட்டை மறுபடி அரைபடும்.

ஷீட்டுக்கு அடியில் 2 அங்குலத் தெர்மோகோல் அட்டைகளைப் பரப்பிவிட்டால் வெட்டி முடிக்கும்போது துண்டு தொங்காது, பிளேடும் தரையைத் தொடாது. ஆழத்தை ஷீட்டைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. வரை வையுங்கள். சில மெஷின்களின் அளவுகோல் ரயில் கனத்தைச் சேர்க்காமல் காட்டும். ஒரு துண்டில் வெட்டிப் பார்த்துக்கொள்வது உத்தமம். ரயிலை எப்போதும் எடுத்துக்கொள்ளப்போகும் துண்டின் மேலேயே வையுங்கள். சில்லு விழுந்தாலும் கழிவுப் பக்கம் விழும்.

வேலை முடிந்ததும் ரயிலை மூலையில் சாய்த்து வைக்காமல் அதன் ஓட்டையில் ஆணி போட்டுச் சுவரில் தொங்க விடுங்கள். கதவு இடித்து ஒரு முறை வளைந்த அலுமினிய ரயிலை எந்த லேத் பட்டறையிலும் நிமிர்த்த முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும்.